மாடியிலிருந்து கீழே தெரிந்தது, கீழிருந்து மாடி தெரியவில்லை: வில்லாபுரத்து வீடு ஒன்றில் நின்றுபோன ஃபோல்டர் ஷேரிங்

மதுரையில் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் போய் கம்ப்யூட்டர், ரவுட்டர், பிரிண்டர் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. 2025 பங்குனியில் பார்த்த ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன். வீட்டுக்குள் இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே ஃபோல்டர் ஷேரிங் நின்றுபோவது தினமும் வரும் புகார்தான், ஆனால் இந்த வீட்டில் அந்தப் பழுது அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒரு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டிருந்தது. அது எனக்கு உண்மையிலேயே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், பெயர்கள் எதுவும் இல்லை.

## பின்னணி

வில்லாபுரம் பக்கம், மாடி எடுத்துக் கட்டிய வீடு. கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம். சுங்குடிச் சேலை வியாபாரம், இரண்டு பேருக்கும் கூட்டு. முடிச்சுக் கட்டிச் சாயம் போட்டு வரும் சேலைகளை எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். சரக்கு இருப்பு, பாக்கி, வரவு எல்லாம் கீழே உள்ள டெஸ்க்டாப்பில் எக்செல் ஷீட்டுகளாக இருக்கின்றன, பெரியவருடைய மனைவிதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். மாடியில் தம்பியின் மகன் லேப்டாப் வைத்திருக்கிறார், சேலைகளைப் படம் எடுத்து ரகம் வாரியாக அடுக்கி வைப்பது அவர் பொறுப்பு.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளக் கூடாதா என்று நானும் கேட்டேன். சுங்குடிக்கு அது சரிப்படாது என்று அந்த அம்மா சேலையை விரித்துக் காட்டியே விளக்கினார். சேலை முழுக்கப் புள்ளிதான் வேலைப்பாடு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், அப்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலங்கிப்போய் நல்ல வேலைக்கும் மட்டமான வேலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது, கடைக்காரர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். அதனால் கேமராவிலிருந்து வந்த படம் அப்படியே கீழே வர வேண்டும், அங்கிருந்துதான் விலை போட்டுக் கடைகளுக்கு மெயிலில் போகும்.

இந்த ஏற்பாட்டை 2021-இல் தம்பி மகனே செய்திருக்கிறார். லேப்டாப்பில் படங்கள் ஃபோல்டர், டெஸ்க்டாப்பில் கணக்கு ஃபோல்டர், இரண்டையும் ஷேர் செய்து, பாஸ்வேர்டு கேட்காதபடி இரண்டு பக்கமும் 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்' என்பதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள்தானே என்று நினைத்திருக்கிறார். மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10 ப்ரோ, லேப்டாப்பில் விண்டோஸ் 11 ப்ரோ.

## எப்போது எது மாறியது

நான் போனபோது புகார் ஒரே வரியில் வந்தது: ஷேரிங் வேலை செய்யவில்லை, சித்திரைத் திருவிழாவுக்கான ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது. கம்ப்யூட்டரைத் தொடாமல் முதலில் தேதிகளைக் கேட்டேன். அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில்தான் விஷயம் பாதி புரிந்தது.

2024 தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால் மாடியில் வைஃபை சரியாகப் பிடிக்கவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி, கீழே இருக்கும் ரவுட்டரிலிருந்து மாடிப்படி ஓரமாக வயர் இழுத்து மாட்டியிருக்கிறார்கள். இன்டர்நெட் நன்றாக வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்த வாரத்திலிருந்து கீழே படங்கள் ஃபோல்டர் திறக்கவில்லை. ஆனால் மாடியிலிருந்து கணக்கு ஃபோல்டர் எப்போதும் போலத் திறந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் சந்தேகம் ஆரம்பித்திருக்கிறது. பெரியவர் என்னைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்: "தம்பி, அவங்க எங்க கணக்கை எல்லாம் பாத்துக்கிறாங்க. நாங்க படத்தைப் பாக்க முடியல. மூடி வச்சிருக்காங்களோன்னு தோணுது. கேக்கவும் சங்கடமா இருக்கு." மாடியில் தம்பி சொன்னது வேறு: "நாங்க எதையும் மூடல. அண்ணன்கிட்ட எத்தனை தடவைதான் சொல்றது? பென் டிரைவ்ல போட்டுக் குடுத்தா, அதுக்கும் மூஞ்சியைத் திருப்பிக்கிறாங்க." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்ணால் பார்த்தது அப்படித்தான் இருந்தது: ஒரு பக்கம் திறக்கிறது, மறு பக்கம் திறக்கவில்லை.

மார்கழியில் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இரண்டு கம்ப்யூட்டரிலும் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தார், டெஸ்க்டாப்பில் எஸ்எம்பி 1 என்கிற ஃபோல்டர் ஷேரிங்குக்கான பழைய முறையை மறுபடி ஏற்றினார், இரண்டு ஃபோல்டரிலும் 'எவ்ரிஒன்' என்பதற்கு முழு அனுமதி கொடுத்தார். அப்படியும் திறக்கவில்லை. மாற்றியதைத் திரும்ப மாற்றாமலே போய்விட்டார்.

அப்புறம் தை மாதத்தில் லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-இன் 24எச்2 அப்டேட் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு மாடியிலிருந்தும் கணக்கு ஃபோல்டர் திறக்கவில்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல், நுழைவதைத் தடுக்கிறது என்கிற அர்த்தத்தில் ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. தம்பி மகன் அதைப் படித்துவிட்டு, பெரியப்பா வீட்டில் ஏதோ பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் 'நிறுவனம்' என்று வந்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆக, ஐப்பசியில் கீழே இருந்த சந்தேகம் தையில் மாடிக்கும் ஏறிவிட்டது.

## முதல் நாள் பார்த்தவை

இரண்டு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் விண்டோ திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்து, நெட்வொர்க்கில் அதற்கு உள்ள ஐபி முகவரியைத் தாளில் எழுதினேன். கீழே 192.168.1.7. மாடியில் 192.168.0.104. மூன்றாவது எண் வேறு, வெளியே போகும் வழியான கேட்வே வேறு. கீழே கேட்வே 192.168.1.1, மாடியில் 192.168.0.1. ஒரே வீடுதான், ஆனால் இரண்டு நெட்வொர்க்.

காரணம் மாடி ரவுட்டரின் பின்னால் இருந்தது. கீழிருந்து வரும் வயரை இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டில் மாட்டியிருந்தார்கள். அப்படி மாட்டினால் அந்த ரவுட்டர் கீழ் வீட்டையே வெளி உலகமாகத்தான் பார்க்கும். தனக்குள் ஒரு தனி நெட்வொர்க் அமைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவர்கள் வெளியே போனால் தன் முகவரியைப் போட்டு அனுப்பிவைக்கும், வெளியிலிருந்து தானாக யாராவது வந்தால் யாருக்கு என்று தெரியாமல் விட்டுவிடும். இதற்கு நேட் என்று பெயர்.

இதனால்தான் ஒருவழிப் பாதை. தம்பி மகனிடம் டெஸ்க்டாப்பின் ஐபி முகவரியை வைத்துப் போட்ட பழைய ஷார்ட்கட் ஒன்று இருந்தது. அதை அழுத்தியதும் கோரிக்கை மாடி ரவுட்டர் வழியாக வெளியே போய்க் கீழே சேர்ந்துவிடும், டெஸ்க்டாப்புக்கோ அது தன் பக்கத்து முகவரியிலிருந்து வருவது போலத்தான் தெரியும், அதனால் அதன் ஃபயர்வாலும் விட்டுவிடும். அவருக்கு எந்த மாற்றமும் தெரிய நியாயமில்லை. கீழிருந்து மாடிக்குத்தான் வழியே கிடையாது.

இதை வாயால் சொன்னால் போதாது, இருவருக்கும் கண்ணால் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். பெரியவரையும் தம்பியையும் டெஸ்க்டாப் முன்னால் உட்கார வைத்து, மாடி லேப்டாப்பின் முகவரிக்கு ட்ரேஸ்ரூட் கொடுத்தேன், எந்தெந்த வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை அது. முதல் நிறுத்தம் கீழ் ரவுட்டர், 192.168.1.1. அடுத்த வரியிலேயே அது வீட்டை விட்டு வெளியேறி இன்டர்நெட் கம்பெனியின் பக்கம் போனது, அதற்கப்புறம் வெறும் நட்சத்திரக் குறிகள். மாடிக்குப் போக வேண்டியது மாடிப்படி ஏறாமல் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்த் தொலைந்துகொண்டிருந்தது. "அப்ப இவன் மூடலையா?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். தம்பி பக்கத்திலேயே இருந்தார். யாரும் மூடலைங்க, வயரை மாட்டின இடம் தப்பு என்று சொன்னேன். அந்த அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, அப்புறம் அந்த அம்மா எழுந்து காபி போடப் போனார்.

அடுத்தது மாடியிலிருந்து கீழே. பவர்ஷெல்லில் டெஸ்ட் நெட்கனெக்ஷன் என்ற கட்டளையைக் கொடுத்து 445-ஆம் போர்ட்டைச் சோதித்தேன். இது வயர் மாட்டும் போர்ட் இல்லை, கம்ப்யூட்டருக்குள் எண் போட்ட வாசல் மாதிரி, ஃபோல்டர் ஷேரிங் நடப்பது அதில்தான். திறந்திருக்கிறது என்று வந்தது. ஆக வழி இருக்கிறது, உள்ளே நுழையும் இடத்தில்தான் தடை. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 ப்ரோ, பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக இன்னொரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதை ஏற்காது, கையெழுத்திட்ட இணைப்பு, அதாவது வருவது நடுவில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் இணைப்பு, வேண்டும் என்றும் கேட்கும். பாஸ்வேர்டே இல்லாத நுழைவில் அந்தக் கையெழுத்துக்கு வழியில்லை. இது பழுது கிடையாது, பாதுகாப்புக்காகத் தெரிந்தே செய்த மாற்றம். 2021-இல் பாஸ்வேர்டு வேண்டாம் என்று அமைத்த ஏற்பாட்டின் காலம் முடிந்துவிட்டது.

ஆக ஒரே புகாருக்குள் சம்பந்தமே இல்லாத இரண்டு பழுதுகள், மூன்று மாத இடைவெளியில் வந்தவை.

## முதலில் எதைத் தொட்டேன், ஏன்

வழி சரியாகாமல் பாஸ்வேர்டில் கை வைத்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று எனக்கே குழம்பிவிடும். அதனால் ரவுட்டர் முதலில்.

கீழிருந்து வருவதை லேப்டாப்புக்கு அனுப்பும்படி மாடி ரவுட்டரில் போர்ட் திறந்து விடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வேண்டாம் என்று விட்டேன். ஃபோல்டர் ஷேரிங்குக்கு அது ஒட்டுப்போடுகிற வேலை, நாளைக்கு ஒரு பிரிண்டர் வந்தால் அதற்கும் தனியாக ஒட்ட வேண்டும். மாடி ரவுட்டரை வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றி, வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆக்குவதுதான் சரி. அந்த ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் என்று தனியாக மாற்றும் வசதி இல்லை, கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. இதையே செய்யப் பார்ப்பவர்களுக்கு வரிசை முக்கியம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கீழ் ரவுட்டர் முகவரி கொடுக்கும் எல்லை 192.168.1.2-இல் ஆரம்பித்தது. அதை 192.168.1.20-இல் ஆரம்பிக்கும்படி மாற்றி, கீழே சில எண்களைக் காலியாக்கினேன். பிறகு மாடி ரவுட்டருக்கு 192.168.1.2 என்று கொடுக்கப் பார்த்தால் அது ஏற்கவில்லை. இன்டர்நெட் பக்கத்திலும் அதே வரிசை முகவரி இருப்பதால் மோதும் என்று மறுத்தது. அந்த வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கொடுத்ததும் ஏற்றுக்கொண்டது. அடுத்து புது முகவரியில் உள்ளே போய் முகவரி கொடுக்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்தேன், ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் தகராறுதான். கடைசியாக வயரை, வீட்டுக் கம்ப்யூட்டர்களை மாட்டும் லேன் போர்ட் ஒன்றில் மாட்டினேன். இன்டர்நெட் போர்ட் இனி காலியாகவே இருக்கும், அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன்.

லேப்டாப்புக்கு 192.168.1 வரிசையில் முகவரி வந்தது. ஆனாலும் கீழிருந்து தெரியவில்லை. புது கேட்வே என்பதால் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று வைத்திருந்தது, அதாவது பஸ் ஸ்டாண்டு வைஃபையை எப்படி நடத்துமோ அப்படி. பிரைவேட் என்று மாற்றினேன்.

அதோடு, முன்னால் வந்தவர் திறந்துவிட்டுப் போனதை எல்லாம் மூடினேன். இரண்டு பக்கமும் ஃபயர்வாலைப் போட்டேன். எஸ்எம்பி 1-ஐ எடுத்தேன். இதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 2017 மே மாதத்தில் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியதே எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அந்த வருஷத்திலேயே விண்டோஸ் 10-இன் புதிய பதிப்புகளில் அதைப் போடாமலே கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். விண்டோஸ் 7 கூட எஸ்எம்பி 2 பேசும். எக்ஸ்பி மாதிரி ரொம்பப் பழைய சிஸ்டமோ, ஸ்கேன் செய்ததை ஃபோல்டரில் போடும் பழைய ஜெராக்ஸ் மிஷினோ இருந்தால் ஒழிய வீட்டில் அதற்கு வேலையே இல்லை. இங்கே பிரிண்டரும் யுஎஸ்பியில்தான். ஃபயர்வால் இல்லாமல், 'எவ்ரிஒன்' முழு அனுமதியோடு, எஸ்எம்பி 1 திறந்து மூன்று வருஷக் கணக்கு மூன்று மாதம் கிடந்திருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை என்பது அவர்கள் நல்ல நேரம்.

## பாஸ்வேர்டும் அனுமதியும்

இனி யார் எதைத் திறக்கலாம் என்பது. இதை நான் முடிவு செய்யக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். இத்தனை மாத மனக்கசப்புக்கு அப்புறம் நானாக ஒரு பக்கம் குறைத்து ஒரு பக்கம் கூட்டிவிட்டால் அது வேறு விதமாகப் போய்விடும். நாலு பேரையும் ஒன்றாக உட்காரச் சொல்லி, பார்க்க மட்டும் விடலாம், மாற்றவும் விடலாம், இரண்டு வழி இருக்கிறது, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன்.

பெரியவர் முதலில் சொன்னார்: "கணக்கை அவனும் பாக்கட்டும். அவனுக்கும் உரிமை இருக்கு. ஆனா எழுதுறது ஒரு கைதான் எழுதணும்." தம்பி சொன்னார்: "அதுதாண்ணே சரி. எனக்குப் பாத்தாப் போதும்." படங்களில் அந்த அம்மாவுக்கு ஒரு கோரிக்கை இருந்தது, விலை போட்ட பட்டியலை அங்கேயே வைத்தால் தேடாமல் இருக்கும் என்றார். அதனால் படங்கள் ஃபோல்டருக்குள் 'விலை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் மட்டும் கீழிருந்து எழுதலாம், மற்றதைப் பார்க்கலாம், காப்பி எடுக்கலாம் என்று முடிவானது. பத்து நிமிஷப் பேச்சு. இந்தப் பேச்சு 2021-லேயே நடந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதைக் கம்ப்யூட்டரில் கொண்டு வரும்போது இடித்த இடங்கள் சில உண்டு. டெஸ்க்டாப்பில் அவர்கள் பயன்படுத்தும் பயனர் கணக்குக்குப் பாஸ்வேர்டே கிடையாது, காலிப் பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் விடாது. லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட், தினமும் நுழைவது பின் நம்பரில். அந்தப் பின் நம்பர் அந்த லேப்டாப்புக்கு முன்னால் உட்காருபவருக்கு மட்டும்தான், வேறு கம்ப்யூட்டரிலிருந்து கேட்கும்போது அதைப் போட்டால் ஏற்காது. நிறைய வீடுகளில் சரியாத்தான் போடுறேன், ஏத்துக்க மாட்டேங்குது என்று சொல்வது இதனால்தான். அந்த அக்கவுண்டின் நிஜப் பாஸ்வேர்டு தம்பி மகனுக்கு நினைவில் இல்லை. அதை மாற்றினால் அவர் மெயிலும் ஃபோனும் சேர்ந்து மாறும். அதனால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஷேரிங்குக்கு மட்டும் என்று ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு போட்டு, 'பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்'கை மறுபடி இயக்கினேன்.

அப்படியும் கணக்கு ஃபோல்டரில் அனுமதி இல்லை என்று வந்தது. ஷேரிங் பக்கத்தில் அந்தப் பயனரைச் சேர்த்திருந்தேன், செக்யூரிட்டி பக்கத்தில் சேர்க்கவில்லை. இரண்டும் தனித்தனி, இரண்டில் எது கறாரோ அதுதான் நிற்கும். சேர்த்தேன். மாடியில் இன்னொரு சிக்கல், ஒரே கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயரில் நுழைய முடியாது என்ற செய்தி வந்தது, பழைய இணைப்பு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. விண்டோஸ் பெயர், பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் க்ரெடென்ஷியல் மேனேஜரில் இருந்த பழைய பதிவை நீக்கி, லேப்டாப்பை ஒரு முறை அணைத்துப் போட்டதும் புதுப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கீழே படங்கள் திறந்தன. அந்த அம்மா ஒரு சேலைப் படத்தைப் பெரிதாக்கிப் புள்ளிகளைப் பார்த்தார். நான் கிளம்பினேன்.

## மூன்றாம் நாள் வந்த ஃபோன்

மூன்றாம் நாள் காலையில் ஃபோன். படம் மறுபடி வரவில்லை. பெரியவர் குரலில் பழைய சோர்வு தெரிந்தது, எனக்கு அது உறுத்தியது, ஏனென்றால் இது முழுக்க என் தவறு.

சோதிக்கும்போது லேப்டாப்பின் பெயரை வைத்துத் தேடினால் சரியாக வரவில்லை என்று, லேப்டாப்பின் ஐபி முகவரியை நேராக அடித்துத் திறந்து பார்த்திருந்தேன். திறந்ததும் அதையே அந்த அம்மாவின் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட்டாகப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு லேப்டாப் வயரில் இருந்தது. மறுநாள் தம்பி மகன் வெளிச்சத்தில் படம் எடுக்க லேப்டாப்பை மொட்டை மாடிக்கு எடுத்துப் போயிருக்கிறார், திரும்பி வந்து வயர் மாட்டவில்லை, வைஃபையிலேயே இருந்துவிட்டார். ரவுட்டர் ஆளை அடையாளம் காண்பது மேக் முகவரி என்கிற எண்ணை வைத்துத்தான், வயருக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறு மேக் முகவரி, ஆகவே ரவுட்டர் வேறு ஐபி கொடுத்துவிட்டது. ஷார்ட்கட் காலி முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஐபி மாறும் என்று எனக்குத் தெரியாததில்லை. வேலை முடிந்த நிம்மதியில் விட்டுவிட்டேன். அன்று மத்தியானமே போய், லேப்டாப்பின் பெயரை வைத்து டிரைவ் எழுத்தோடு இணைத்தேன். ஒரே நெட்வொர்க், பிரைவேட் என்று இருப்பதால் இப்போது பெயர் சரியாகக் கிடைத்தது. டெஸ்க்டாப் இடம் மாறாத பெட்டி என்பதால் அதற்கு மட்டும் ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்கினேன். வயரைப் பிடுங்கி, வைஃபைக்கு மாற்றி, மறுபடி வயர் மாட்டி, ரவுட்டர் இரண்டையும் அணைத்துப் போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவையே திறந்து பார்க்கச் சொன்னேன். இந்தச் சோதனையை முதல் நாளே செய்திருந்தால் அவர்களுக்கு இன்னொரு கெட்ட காலை வந்திருக்காது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. லேப்டாப் மூடியிருந்தால், தூங்கப் போயிருந்தால், அவர் வெளியே எடுத்துப் போயிருந்தால் கீழே படம் கிடைக்காது. மூடி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம், அதுவும் இந்தத் தடவை நிஜமாகவே லேப்டாப்தான் மூடியிருக்கும். தம்பி மகனிடம் பேசினேன். படம் எடுத்து முடித்ததும் சாயங்காலம் டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு ஃபோல்டருக்குக் காப்பி போட்டுவிடுவது என்று அவரே ஒத்துக்கொண்டார். அந்த ஃபோல்டரில் மட்டும் மாடிக்கு எழுதும் அனுமதி, விலைப் பட்டியலும் அங்கேயே மாறியது. வாரம் ஒரு தடவை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துக் கழற்றி பீரோவில் வைப்பது அந்த அம்மாவின் பொறுப்பு.

சித்திரைக்குள் ஆர்டர்கள் போய்ச் சேர்ந்தன. நடுவில் ஒரு ஃபோன் வந்தது, பார்த்தால் இன்டர்நெட் கம்பெனி லைன் பிரச்சினை. நெட் இல்லாத அன்றும் வீட்டுக்குள் ஃபோல்டர் திறந்ததாகப் பெரியவர் ஆச்சரியமாகச் சொன்னார்.

## என் வேலையில் மாற்றிக்கொண்டவை

மாடிக்கு ரவுட்டர் மாட்டப் போகும்போது இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன், வீட்டுக்குள் ஏதாவது ஷேர் செய்கிறீர்களா, பிரிண்டர் பொதுவா என்று. மாட்டியவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் ஐப்பசியில் வந்த பழுதும் அதனால் வந்த சந்தேகமும் நடந்திருக்காது.

சோதனைக்காக எதை அணைத்தாலும் தாளில் எழுதுகிறேன், கிளம்பும் முன் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறேன். ஃபயர்வாலை அணைத்தும் வரவில்லை என்றால் காரணம் ஃபயர்வால் இல்லை என்று தெரிந்துவிட்டது, அப்புறம் அதை அணைத்தே வைக்க என்ன காரணம் இருக்கிறது?

அப்புறம், இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் இனி இதைப் பார்ப்பேன். பெரியவர் வாசலில் தனியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கீழே மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால், ட்ரேஸ்ரூட்டைத் தம்பி பார்த்திருக்க மாட்டார். அன்று அதை இருவரும் சேர்ந்து பார்த்ததுதான் பெரிய வேலை என்று இப்போதும் நினைக்கிறேன்.

## ஐப்பசியில்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. அந்த டெஸ்க்டாப் இன்டெலின் ஆறாம் தலைமுறைப் பிராசசர், விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. கணக்கு இருக்கும் பெட்டியை அப்படியே ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டுப் புதுசு வாங்கினார்கள்.

புதுப் பெட்டிக்குப் பழையதின் பெயரையே வைத்தேன். ரவுட்டரில் ஒதுக்கியிருந்த முகவரியைப் புதுப் பெட்டியின் மேக் முகவரிக்கு மாற்றினேன். அதே பயனர், அதே பாஸ்வேர்டு, அதே ஃபோல்டர் பெயர்கள், அதே அனுமதிகள், இரண்டு பக்கமும் சரிபார்த்து. மாடிக்குப் போகாமல் கீழிருந்தே தம்பி மகனுக்கு ஃபோன் செய்து கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தது. "எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார்.